ஒரு சம்பளம் நின்றால் முதலில் எதை வெட்டுவது?

பிப்ரவரி 3, இரவு 9.40 (கேள்வி)

வீட்டில் இரண்டு சம்பளம். ஒன்று இந்த மாதத்தோடு நிற்கிறது. பொருளாதார மந்தம் என்கிறார்கள். கையிருப்பு ஓரளவு உண்டு, இரண்டு கடன் தவணை ஓடுகிறது, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். வெளியில் காசு கொடுத்துச் செய்கிற எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டால் தாக்குப்பிடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். குழாய் ரிப்பேர், முடிவெட்டு, தையல், தோட்டம் எல்லாம். சரிதானே? முதலில் எதை வெட்டுவது?

பிப்ரவரி 3, இரவு 11.15

வரிசை தலைகீழ். குழாயும் கத்தரிக்கோலும் மூன்றாம் வாரத்து வேலை. முதல் வாரத்துக்கு ஒரு தாளும் கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கு விவரமும் போதும்.

கையிருப்பைத் தொகையாகப் பார்க்காதீர்கள், நாளாகப் பாருங்கள். மூன்று நாளுக்குள் நஷ்டமில்லாமல் கைக்கு வரக்கூடியது மட்டும்தான் கையிருப்பு. நிலம், ஓய்வுக்கால நிதி, யாருக்கோ கொடுத்த கைமாற்று எதுவும் இந்தக் கணக்கில் வராது. கைமாற்றைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மந்தத்தில் அவருக்கும் இதே நிலைதான்.

உதாரணத்துக்கு, வழக்கமான மாதச் செலவு 100 பங்கு. அதில் விட முடியாதது 60: குடியிருப்பு, சாப்பாடு, மின்சாரம், மருந்து, பள்ளி, மிச்சமுள்ள வேலைக்குப் போய்வரும் செலவு, கடன் தவணை. வந்துகொண்டிருக்கும் சம்பளம் 25. கையிருப்பு 540.

பழைய செலவிலேயே போனால் மாதம் 75 பங்கு கையிலிருந்து கரையும்: 540 ÷ 75, ஏழு மாதம். கட்டாயச் செலவுக்கு இறங்கினால் 35 தான் கரையும்: 540 ÷ 35, பதினைந்தரை மாதம். ஒரு பைசா கூடுதலாகச் சம்பாதிக்காமல் காலம் இரட்டிப்பாகிறது. "ஒரு மாதம் பார்ப்போம், அப்புறம் குறைப்போம்" என்று தள்ளினால் அந்த ஒரு மாதம் கடைசியில் 34 நாளைத் தின்றுவிடும். அதனால் வெட்டை முதல் வாரமே போட்டுவிடுங்கள். திரும்பவும் கூட்டிக்கொள்வது எப்போது வேண்டுமானாலும் முடியும்.

பிப்ரவரி 4, காலை 6.50

நேற்றைய கணக்கில் ஓட்டை. ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை வரும் செலவுகளை விட்டுவிட்டேன். காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி வரி, வீட்டு வரி. மூன்று மாத விவரத்தில் இவை கண்ணில் படாது; பன்னிரண்டு மாதத்தையும் புரட்ட வேண்டும். ஆண்டுக்கு 72 பங்கு என்றால் மாதத்துக்கு 6. கட்டாயச் செலவு 60 அல்ல, 66. கரைவது 41. பதினைந்தரை மாதம் பதின்மூன்றாகச் சுருங்குகிறது. தள்ளிப்போடுவதன் விலையும் 34 நாளிலிருந்து 29 ஆகிறது, அது பெரிய வித்தியாசமில்லை.

பிரீமியத்தை வெட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மருத்துவக் காப்பீட்டைத் தொடாதீர்கள். விட்டுவிட்டு மறுபடி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கக்கூடும். பதின்மூன்று மாதக் கையிருப்பை ஒரே வாரத்தில் காலி செய்யக்கூடியது ஆஸ்பத்திரி பில்தான்.

பிப்ரவரி 4, இரவு (கேட்டவர்)

கடன் இரண்டில் ஒன்றில் நிலுவை 40 பங்கு, தவணை மாதம் 8. இன்னொன்று கிரெடிட் கார்டு, நிலுவை 30, மினிமம் டியூ (மாதக் குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிவருகிறோம். கையிருப்பிலிருந்து எதையாவது அடைத்துவிடலாமா?

பிப்ரவரி 5

தவணைக் கடனை அடையுங்கள். நிலுவையைத் தவணையால் வகுத்துப் பாருங்கள்: 40 ÷ 8 = 5. இந்த எண் சிறிதாக இருக்கும் கடனை அடைத்தால், போட்ட பணத்துக்கு அதிக மாதச் சுமை இறங்கும். 540இல் 40 போனால் 500, கரைவது 41இலிருந்து 33 ஆகும்; 500 ÷ 33 = 15 மாதம். இரண்டு மாதம் லாபம்.

பிப்ரவரி 5, ஒரு மணி நேரம் கழித்து (இன்னொரு வாசகர்)

அந்தக் கடன் ஐந்து மாதத்தில் தானாகவே முடிந்துவிடுமே? அதைக் கணக்கில் எடுத்தீர்களா?

பிப்ரவரி 5, இரவு

எடுக்கவில்லை. மாட்டிக்கொண்டேன்.

திரும்பப் போடுவோம். அடைக்காமல் தவணையே கட்டினால் ஐந்து மாதத்தில் 205 போகும், மிச்சம் 335. அதன்பின் மாதம் 33 என்றால் இன்னும் பத்து மாதம். மொத்தம் அதே பதினைந்து மாதம். முன்கூட்டி அடைப்பதால் ஒரு நாள்கூடக் கூடவில்லை. கொஞ்சம் வட்டி மிச்சம், அவ்வளவுதான். அதற்கு விலையாக 40 பங்கு ரொக்கம் முதல் மாதமே கையைவிட்டுப் போகிறது. கடன் கொடுத்தவரிடம் போன பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது. ஆகவே தவணைக் கடனை அடைக்காதீர்கள், அதன் போக்கில் முடியட்டும். காலையில் எழுதியதைச் செல்லாததாக்கிக்கொள்ளுங்கள்.

கார்டு வேறு ஜாதி. மாதம் 3 சதவீத வட்டி என்றால் கட்டாமல் விட்ட தொகை 24 மாதத்தில் இரட்டிப்பாகும் (72ஐ வட்டியால் வகுக்கும் பழைய குறுக்குவழி, துல்லியமாக இருபத்துமூன்றரை). மினிமம் டியூ 5 சதவீதம் என்று வையுங்கள். மாதாமாதம் தவறாமல் கட்டினாலும், புதிதாக ஒன்றும் வாங்காவிட்டாலும், நிலுவை பாதியாக 32 மாதம் ஆகும். பாதியாகத்தான். இந்த 30ஐ முழுவதும் அடைத்துவிடுங்கள், எந்த வைப்புத்தொகையும் இந்த வட்டியைத் தராது.

அடைத்த கார்டின் லிமிட்டை அவசரநிதியாக எண்ணிக்கொள்ள வேண்டாம். 2008-09 மந்தத்தில் அமெரிக்காவில் வங்கிகள் ஏராளமான கார்டுகளின் லிமிட்டைக் குறைத்தன. தேவைப்படும் நேரத்தில்தான் அது குறையும்.

பிப்ரவரி 8

வீட்டுக்கடன் மாதிரி நீண்ட கடன் இருப்பவர்களுக்கு. தவணையை ஒத்திவைக்கச் சொல்லி, தவறிய பிறகு வங்கிக்குப் போனால் பேச்சின் தொனியே வேறு. முதல் தவணை தவறுவதற்கு முன்பே போங்கள். கேட்க வேண்டியது மூன்று: ஒத்திவைத்த மாதங்களின் வட்டி அசலில் சேருமா, கடன் வரலாற்றில் எப்படிப் பதிவாகும், கட்டணம் உண்டா. பதில் எழுத்தில் வேண்டும்.

"மூன்று மாதம் கட்ட வேண்டாம்" என்பது காதுக்கு இனிக்கும். கணக்கைப் பாருங்கள். ஆண்டு வட்டி 12 சதவீதம், இன்னும் 240 தவணை பாக்கி, நிலுவை 100. மூன்று மாதம் கட்டாவிட்டால் அது 103.03 ஆகும். பிறகு பழைய தவணையையே கட்டினால் 240 அல்ல, 276 தவணை கட்ட வேண்டிவரும். மூன்று மாத ஓய்வுக்கு மூன்று ஆண்டு கூடுதல். அச்சுப்பிழை இல்லை. நீண்ட கடனின் ஆரம்பத்தில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. அசலை அரிக்கும் பகுதி மெல்லியது. 3 பங்கு நிலுவை கூடினால் அந்த மெல்லிய பகுதி இன்னும் மெலிந்துவிடும்.

தவிர்க்க வழி: காலத்தை நீட்டாமல் தவணையை 3 சதவீதம் உயர்த்தித் தரச் சொல்லுங்கள். 240 தவணையிலேயே முடியும். பல இடங்களில் தாமாகவே காலத்தைத்தான் நீட்டுவார்கள், கேட்டால்தான் மாற்றுவார்கள்.

பிப்ரவரி 9

"மந்தம் எத்தனை மாதம்?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். மந்தம் முடிவதும் வேலை கிடைப்பதும் ஒரே நாளில் நடப்பதில்லை. அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் 2009 ஜூனில் முடிந்தது என்பது அதிகாரபூர்வக் கணக்கு. வேலையின்மை உச்சமாக 10 சதவீதத்தைத் தொட்டது 2009 அக்டோபரில், அதாவது "முடிந்த" பிறகு. உற்பத்தி ஏறத் தொடங்கினாலும் நிறுவனங்கள் முதலில் இருக்கும் ஆட்களின் வேலை நேரத்தைக் கூட்டும், புது ஆள் எடுப்பது அதற்கு அப்புறம். செய்தியில் மீட்சி என்று வந்ததும் செலவைக் கூட்டிவிடாதீர்கள். சம்பளம் கணக்கில் ஏறிய பிறகு கூட்டலாம்.

பிப்ரவரி 16

இப்போது குழாய்க்கு வரலாம்.

நாமே செய்வது எப்போது லாபம்? மூன்று கேள்வி: வேலை திரும்பத் திரும்ப வருமா, தேவையான கருவி எத்தனை நாள் கையிருப்பைத் தின்னும், தவறினால் என்ன போகும். மூன்றாவதுதான் முக்கியம். முடி தவறாக வெட்டினால் மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். காது வளராது, அதனால் மெஷினில் மிக நீளமான சீப்பு மூடியைப் போட்டுத் தொடங்கி ஒவ்வோர் அளவாக இறங்குங்கள்.

தொடக் கூடாதவை: எரிவாயு இணைப்பு, மெயின் போர்டு, ஃப்ரிட்ஜின் கேஸ் பகுதி, மைக்ரோவேவின் உட்புறம். மைக்ரோவேவ் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டரில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். இவற்றில் மிச்சம் பிடிப்பது சிக்கனத்தில் சேராது.

சொட்டும் குழாய் நல்ல ஆரம்பம். எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். வாய் வழியே சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே தண்டைச் சுற்றிக் கசிந்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ பேக்கிங்கோ போயிருக்கிறது, அதற்கு வாஷரை மாற்றிப் பயனில்லை.

பல சுற்றுத் திருகும் பழைய வகைக் குழாய் என்றால்: குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்ச நீரை வடியுங்கள். கீழே உள்ள கழுவுதொட்டியின் துளையைத் துணியால் அடையுங்கள். சின்னத் திருகு அதில் விழுந்தால் அன்றைய பொழுது போச்சு. கைப்பிடியைக் கழற்றி, ஒரு ஸ்பேனரால் குழாயின் உடலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் மேல் நட்டைத் திருப்புங்கள். உடலைப் பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் இணைப்பு முறுக்கிக்கொள்ளும், அப்புறம் சுவரை உடைக்க வேண்டும். தண்டை வெளியே எடுத்து, வாஷரை அதே விட்டமும் தடிமனும் உள்ளதாக மாற்றுங்கள். பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

மூடுவதற்குமுன் விரலை உள்ளே விட்டு, வாஷர் உட்காரும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மழமழவென்று இருக்க வேண்டும். குழியோ சொரசொரப்போ பட்டால் புது வாஷரையும் சில வாரத்தில் அது அறுத்துவிடும். "வாஷர் மாற்றியும் சொட்டுகிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலும் இதுதான் கதை. இன்னொரு காரணம், சொட்டை நிறுத்த இறுக்கி இறுக்கித் திருகுவது, வாஷர் நசுங்கிவிடும்.

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. 4,000 சொட்டு ஒரு லிட்டர் என்று கொண்டால் 21 லிட்டருக்கு மேல்.

பிப்ரவரி 17

சொட்டின் அளவு குழாய்க்குக் குழாய் மாறும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. அளவுக் குவளையைப் பத்து நிமிடம் அடியில் வைத்து, சேர்ந்ததை 144ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் குழாயின் ஒரு நாள் கணக்கு.

கழிவறைத் தொட்டியின் ஒழுக்கு கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. தொட்டி நீரில் சாயம் சில துளி விட்டு இருபது நிமிடம் யாரும் இழுக்காமல் இருங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் அடைப்பானின் ரப்பர் போய்விட்டது. கருவியே இல்லாமல் மாற்றலாம்.

பிப்ரவரி 21

மின்சாரம் பற்றி நீளமாகச் சண்டை நடந்திருக்கிறது, சார்ஜரைப் பிடுங்குவதா வேண்டாமா என்று. போன் மாட்டாத சார்ஜர் 0.2 வாட் இழுப்பதாகக் கொண்டால் ஆண்டு முழுக்க 1.75 யூனிட். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 0.47 யூனிட். அதாவது ஓராண்டுச் சார்ஜரும் நான்கு குளியலும் ஏறக்குறைய ஒன்று. பிள்ளைகளைச் சார்ஜருக்காகத் திட்டுவதை விட்டுவிட்டு ஹீட்டரின் டிகிரியைக் குறையுங்கள்.

ஓயாமல் 10 வாட் இழுக்கும் பெட்டிகள் வேறு விஷயம், ஆண்டுக்கு 87.6 யூனிட். டிவிக்குக் கீழே தூங்குவதுபோல் நடிப்பவை இவைதான்.

ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கிறது. வெந்நீரில் துடைத்து நெகிழவிட்டால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். பின்பக்கக் கம்பிச்சுருளின் தூசி, ஒரு பிரஷ், அவ்வளவே.

பிப்ரவரி 22

மொத்தமாக வாங்கிச் சேமிப்பது: ரொக்கம் பொருளாக மாறுகிறது என்பதை மறக்கிறோம். ஆறு மாத சோப்பு வாங்கி 10 சதவீதம் மிச்சம் பிடித்தவருக்கு நடுவில் மருந்துக்குப் பணம் தேவைப்பட்டால், சோப்பைக் கொடுத்து மருந்து வாங்க முடியாது. கெடாதது என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம்.

பிப்ரவரி 22, பின்குறிப்பு

தோட்டம். தொட்டியில் இலைவகைகள் மட்டும் கணக்குக்கு வரும்: 20 செ.மீ. ஆழம், நாளைக்கு ஆறு மணி நேர வெயில் இருந்தால் ஒரு மாதத்தில் கிள்ளத் தொடங்கலாம். காய்க்கும் செடிக்கு 30 செ.மீ.க்கு மேல் வேண்டும், இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். விலைக்கு மண் கலவை வாங்கினால் முதல் ஆண்டு நஷ்டம்தான். பசியாற்றும் அளவுக்குத் தானியம் தொட்டியில் விளையாது.

மார்ச் 1

தோட்டத்தைக் கிண்டல் செய்துவிட்டேன் என்று கோபம். ஒரு பகுதி நியாயம். பணக் கணக்கில் சொன்னதை மாற்றவில்லை, ஆனால் பணம் மட்டும் கணக்கில்லை.

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரில் 1930இல் நெசவாலை மூடப்பட்டு, கிட்டத்தட்ட ஊரே வேலையிழந்தது. மரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஜெய்சல் ஆகியோர் 1931-32இல் அங்கே ஆய்வு செய்தார்கள். வேலை இல்லை, நேரம் கொட்டிக்கிடக்கிறது, நூலகத்தில் கட்டணத்தையும் நீக்கியாயிற்று. ஆனால் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆண்களால் காலை எழுந்ததிலிருந்து மதியம்வரை என்ன செய்தோம் என்றே சொல்ல முடியவில்லை. தெருவில் நடையே மெதுவாகிவிட்டது. பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் நாளுக்கு ஒரு சட்டகம் மிஞ்சியது.

அதனால் குழாயோ தொட்டியோ, வேலை இழந்தவருக்கு நேரம் குறித்த ஒரு பொறுப்பு இருக்கட்டும். "சும்மாதானே இருக்கிறாய்" என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது வேறு. வேலை தேடுவதற்குக் காலையில் மூன்று மணி நேரம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் ரிப்பேர்.

மார்ச் 2

பிள்ளைகளிடம் சொல்வதா? சொல்லுங்கள், தொகை வேண்டாம். எது மாறும், எது மாறாது என்ற இரண்டு பட்டியல் போதும். அமெரிக்காவில் அயோவா மாநிலக் கிராமப்புறக் குடும்பங்களை 1980களின் இறுதியில் தொடங்கி ஆராய்ந்த ரேண்ட் காங்கரும் குழுவினரும் கண்டது இது: பண நெருக்கடி பெரும்பாலும் நேராகப் பிள்ளையைத் தாக்குவதில்லை. பெற்றோரின் மனச்சோர்வு, அவர்களுக்குள் சண்டை, பிள்ளைகள்மேல் எரிந்துவிழுதல் என்ற வழியாகத்தான் போய்ச் சேர்கிறது.

எனவே பணப்பேச்சுக்கு வாரத்தில் ஒரே நாள், இருபது நிமிடம். கையிருப்புக் கணக்குப் போட்ட தாளை நடுவில் வையுங்கள், மிச்சமுள்ள நாட்களை மட்டும் திருத்துங்கள். மற்ற ஆறு நாளும் சாப்பிடும்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

மார்ச் 9 (கேட்டவர்)

தாள் போட்டாயிற்று. கார்டை அடைத்த பிறகு 12 மாதம் வருகிறது. இடையில் கையிருப்பில் ஒரு பகுதியைப் போட்டுச் சிறுதொழில் தொடங்கலாம் என்று வீட்டில் பேச்சு.

மார்ச் 9, இரவு

12 சரிதான்: 510ஐ 41ஆல் வகுத்தால் அதுதான். ஆனால் மூன்று திருத்தம் வேண்டும். ஐந்தாம் மாதம் அந்தத் தவணை முடிவதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் 14 மாதத்துக்கு மேல். கார்டுக்கு மாதாமாதம் கட்டிவந்த மினிமம் டியூ கட்டாயச் செலவில் இருந்திருந்தால் அதையும் கழியுங்கள். ஆண்டுச் செலவுகள் எல்லாம் ஒரே மாதத்தில் கூடி விழுகின்றனவா என்றும் பாருங்கள், சராசரி அதை மறைத்துவிடும்.

தொழிலுக்கு வரம்பு: அதிகபட்சம் 15 நாள் கையிருப்பு. அதற்குள் கருவியை இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, முன்பணம் தரும் மூன்று வாடிக்கையாளர் கிடைக்கிறார்களா என்று பாருங்கள். சொந்தக்காரர்களை எண்ணாதீர்கள். வரவிலிருந்து பொருள், போக்குவரத்து, வீணானது மூன்றையும் கழித்துச் செலவான மணி நேரத்தால் வகுங்கள். கடைசிக் கழிவை எல்லாரும் மறக்கிறார்கள். கடன் வாங்கி மட்டும் தொடங்க வேண்டாம். தவணை வந்தால் 41 மறுபடி ஏறும்.

மார்ச் 15

கால் சுற்றில் மூடும் குழாய்க்கு வாஷர் எங்கே என்று ஒரு கேள்வி. அதில் வாஷர் கிடையாது. பீங்கான் தட்டு வைத்த கார்ட்ரிட்ஜ். முழுவதாகத்தான் மாற்ற வேண்டும். வாங்கும்முன் தண்டின் பற்களை எண்ணுங்கள், உடலின் விட்டத்தை அளங்கள், எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடவலம் மாறி வாங்கினால் கைப்பிடி எதிர்ப்பக்கம் திறக்கும். ஒழுகாது, ஆனால் வீட்டில் ஒவ்வொருவரும் உங்களைக் கேட்பார்கள்.